நிஜக் கம்பியை முந்திய நீல உருண்டைகள்: ஒரு மின்சுற்று வகுப்பின் கதை

ஒரே மாதிரியான ஐந்து பல்புகள். ஒரே மாதிரியான மூன்று பேட்டரிகள். உள்மின்தடை, அதாவது பேட்டரிக்குள்ளேயே இருக்கும் மின்தடை, துளியும் இல்லாத, பாடப்புத்தகத்துப் பேட்டரிகள். முதல் சுற்றில் 'அ' என்ற பல்பு தனியாக இருக்கிறது. இரண்டாவதில் 'ஆ', 'இ' இரண்டும் தொடரிணைப்பில். மூன்றாவதில் 'ஈ', 'உ' இரண்டும் பக்க இணைப்பில். எது அதிகம் பிரகாசிக்கும், எது மங்கும்? வரிசைப்படுத்திக் காரணம் சொல்ல வேண்டும்.

கணக்கே வேண்டாம், ஓம் விதி தெரிந்த பத்தாம் வகுப்புப் பிள்ளை பார்த்ததும் சொல்லிவிடும் என்றுதான் நமக்குத் தோன்றும். அ, ஈ, உ மூன்றும் சமம். ஆ, இ தங்களுக்குள் சமம், ஆனால் முதல் மூன்றைவிட மங்கல். அவ்வளவுதான் விடை.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லிலியன் மெக்டெர்மாட்டும் பீட்டர் ஷாஃபரும் இந்தக் கேள்வியை ஆயிரத்துக்கும் அதிகமான மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். கல்லூரி அளவில், நுண்கணிதத்தோடு இயற்பியல் படித்தவர்கள். 1992இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: சரியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 15 சதவீதம். மின்சுற்றுப் பாடம் நடத்துவதற்கு முன்னால் கேட்டாலும் நடத்தி முடித்த பிறகு கேட்டாலும் பெரிய மாற்றம் இல்லை. இந்த இரண்டாவது செய்திதான் ஒரு வாத்தியாரைத் தூங்கவிடாமல் செய்யும்.

தவறுகளும் ஏனோதானோ என்று இல்லை. ஒரு ஒழுங்கோடு வந்தன. முதல் வகை: 'ஆ' பல்பு மின்னோட்டத்தில் கொஞ்சம் 'சாப்பிட்டுவிடும்', மிச்சம்தான் 'இ'க்குப் போகும், ஆகவே 'இ' மங்கல். இரண்டாவது வகை: பேட்டரி எந்தச் சுற்றிலும் ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் தரும், பக்க இணைப்பில் அதை இருவர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், ஆகவே 'ஈ', 'உ' இரண்டும் 'அ' பல்பைவிட மங்கல். இரண்டுமே வீட்டு அனுபவத்தில் முளைத்த எண்ணங்கள். மின்சாரத்துக்கு மாதாமாதம் காசு கட்டுகிறோம், யூனிட் 'செலவாகிறது' என்கிறோம். எதுவோ தீர்ந்துபோகிறது என்று பிள்ளை நினைப்பதில் ஆச்சரியம் என்ன? தீர்வது ஆற்றல்தான், மின்னோட்டம் அல்ல என்று கரும்பலகையில் எழுதிக் கீழே கோடு போட்டால் நோட்டில் கோடு விழும். மனதில் விழாது.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் நிகழ்வு, அந்த 'விழாத' இடத்தில் ஒரு திரை என்ன செய்தது என்பது.

நோபல் பணத்தில் ஒரு பங்கு

கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் கார்ல் வீமனும் எரிக் கார்னெலும் 1995இல் ரூபிடியம் அணுக்களைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகில் குளிரவைத்து, போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருளை உருவாக்கினார்கள். 2001இல் அதற்காக வோல்ஃப்காங் கெட்டர்லேயுடன் சேர்ந்து நோபல் பரிசு. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது, இந்தச் செறிபொருளைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசியபோது வீமன் கவனித்த விஷயம். அணுக்களை லேசர் எப்படிக் குளிர்விக்கிறது என்று காட்ட, அதே வளாகத்தில் மார்ட்டின் கோல்ட்மன் நடத்திய 'ஃபிசிக்ஸ் 2000' என்ற திட்டத்தில் உருவான சிறு சிமுலேஷன்களை, அதாவது கணினித் திரையில் ஆட்டிப் பார்க்கும் மாதிரிகளை, அவர் பேச்சுக்கு நடுவே ஓட்டுவார். பேச்சு முடிந்ததும் கேட்டவர்களின் நினைவில் தங்கியது பெரும்பாலும் அந்தத் திரைக் காட்சிகள்தான். பள்ளிப் பிள்ளைகள் என்றாலும் சரி, இயற்பியல் பேராசிரியர்கள் என்றாலும் சரி.

இப்படிப்பட்ட சிமுலேஷன்களைச் செய்ய 2002இல் அவர் தொடங்கிய திட்டத்தின் பெயர் ஃபெட் (PhET). நோபல் பணத்தில் ஒரு பங்கும் அதற்குள் போனது. அப்போது செய்த சிமுலேஷன்களில் ஒன்று மின்சுற்றுக் கட்டுமானப் பெட்டி. வெற்றுத் திரை, ஓரத்தில் கம்பி, பேட்டரி, பல்பு, மின்தடை, சுவிட்ச். இழுத்துப் போட்டு இணைக்க வேண்டியதுதான். எந்தக் கம்பியை எடுத்தாலும் அதற்குள் சிறு சிறு நீல உருண்டைகள் தெரியும்; அவை எலக்ட்ரான்கள். சுற்று முழுமையானதும் அவை ஓடும். பல்பைச் சுற்றி ஒளிக்கதிர்கள் நீளும். கம்பியை மட்டும் பேட்டரியின் இரு முனைகளிலும் மாட்டினால் உருண்டைகள் கண்மண் தெரியாமல் ஓடி, பேட்டரி தீப்பிடித்து எரியும். கை, பென்சில், காசு ஆகியவற்றோடு ஒரு நாயையும் சுற்றில் மாட்டலாம். மின்னழுத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் நாய் குரைத்துக்கொண்டு கழன்றுவிடும். எந்த வகுப்பிலும் முதல் பத்து நிமிடம் நாய்க்கும் தீக்கும் போய்விடும், அதைத் தடுக்க முயல வேண்டாம் என்பது என் அனுபவம்.

என்ன செய்தார்கள்

இனி ஆய்வுக்கு வருவோம். நோவா ஃபிங்கல்ஸ்டைன் தலைமையில் போல்டர் குழு செய்து 2005இல் வெளியிட்டது. களம், அங்கே நடக்கும் பெரிய முதலாண்டு இயற்பியல் பாடத்தின் இரண்டாம் பருவம். நுண்கணிதம் இல்லாத, இயற்கணித அளவிலான பாடம். இயற்பியலை முதன்மைப் பாடமாக எடுக்காத பிள்ளைகள்தான் இதற்கு அதிகம் வருவார்கள். நேர்மின்சுற்று ஆய்வுக்கூட வகுப்பு வந்ததும் பிரிவுகளை இரண்டாக்கினார்கள். ஒரு பாதிக்கு நிஜமான பல்பு, கம்பி, மீட்டர். மறு பாதிக்குக் கணினி மட்டும். வேலைத்தாள் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றே.

நுட்பமான பகுதி அதற்குப் பிறகு வருகிறது. வகுப்பின் கடைசிப் பகுதியில் இரு தரப்புக்கும் நிஜக் கருவிகளையே கொடுத்தார்கள். ஒரு சுற்றை நிஜமாகக் கட்டிக் காட்ட வேண்டும், பிறகு ஓரிடத்தில் துண்டித்து, பல்புகளின் பிரகாசம் எப்படி மாறுகிறது, ஏன் என்று எழுத வேண்டும். அதுவரை கையால் கம்பியைத் தொடாத கணினிக் கூட்டம் இங்கே தடுமாறும் என்று நீங்களும் நானும் பந்தயம் கட்டியிருப்போம்.

தோற்றிருப்போம். கணினியில் மட்டும் பழகியவர்கள் நிஜச் சுற்றைச் சராசரியாகச் சீக்கிரமே கட்டினார்கள், விளக்கத்தையும் மேலாக எழுதினார்கள். பருவ இறுதித் தேர்வில் மின்சுற்று பற்றி மூன்று கேள்விகள் வந்தன. சிமுலேஷன் தரப்பில் சுமார் நூறு பேர், அவர்களது சராசரி ஏறக்குறைய 60 சதவீதம். நிஜக் கருவித் தரப்பில் சுமார் 130 பேர், சராசரி 50ஐத் தொடவில்லை. தேர்வின் மற்றக் கேள்விகளில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. அதாவது கெட்டிக்காரர்கள் எல்லாம் தற்செயலாக ஒரே பக்கம் சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

அந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'நிஜ உலகத்தைப் பற்றிய கற்றல் மெய்நிகராக நடப்பது மேலானதாகும்போது' என்று வரும். பலரும் இதைப் படித்துவிட்டு 'இனி ஆய்வுக்கூடமே தேவையில்லை' என்ற முடிவுக்குத் தாவினார்கள். ஆய்வுக்கூடத்துக்குப் பணம் ஒதுக்க மனமில்லாத நிர்வாகங்களுக்கு இது அல்வா மாதிரி. ஆனால் ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவே இல்லை. தலைப்பில் கனமான சொல் கடைசியில் இருக்கும் அந்த 'போது'. எந்த நிலைமையில் என்பதுதான் கேள்வி.

ஏன் முந்தியது

எனக்கு இந்த ஆய்வில் மதிப்பெண் வித்தியாசத்தைவிட அதன் காரணம்தான் பிடித்த பகுதி.

நிஜ ஆய்வுக்கூட மேசையை நினைத்துப் பாருங்கள். முதலைவாய்க் கிளிப் பிடிக்கவில்லை. பல்பு பியூஸ் போனதா, தாங்கியில் சரியாக உட்காரவில்லையா, பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று தெரியாது. பக்கத்து மேசையிலிருந்து ஒரு பல்பைக் கடன் வாங்கி மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்குள் பாதி நேரம் போயிற்று. அனுபவசாலியின் கண்ணுக்குக் கம்பி என்றால் கம்பி. சிவப்பு உறை, கறுப்பு உறை எல்லாம் கண்ணில்கூடப் படாது. முதல்முறை பார்க்கும் மாணவனுக்கு அந்த நிறத்துக்கும் ஏதோ அர்த்தம் இருக்கும். போல்டர் குழு இதை எழுத்திலேயே சுட்டிக்காட்டியது: ஒரு நிஜச் செயல்விளக்கத்தில் எது முக்கியம், எது சும்மா இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கவே பாடம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவனுக்குக் கம்பியின் நிறமும் பல்பின் பிரகாசமும் ஒரே எடையில் வந்து விழுகின்றன.

வீமன் சொந்த வகுப்பில் பட்ட அனுபவம் ஒன்று இதோடு பொருந்தும். வகுப்புக்கு ஒரு வயலினைக் கொண்டுபோய்க் காட்டினார். தந்தி மெல்லியது, அது தனியாக அதிகக் காற்றைத் தள்ள முடியாது, அதன் அதிர்வு உள்ளே இருக்கும் ஒரு சிறு மரத்தூண் வழியாகப் பின்பலகைக்குப் போய், பலகை அதிர்ந்துதான் நாம் கேட்கும் ஒலி பிறக்கிறது என்று விளக்கினார். கால் மணி நேரம் கழித்து, ஒலி பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது என்று அதே வகுப்பிடம் கேட்டார். சரியாகச் சொன்னவர்கள் 10 சதவீதம். நிஜப் பொருள், நோபல் பரிசு பெற்ற ஆசிரியர், தெளிவான விளக்கம். மூன்றும் ஒரே அறையில் இருந்தும் பத்தில் ஒருவர்தான்.

சிமுலேஷன் இந்த இரைச்சலை வெட்டி எறிந்தது. கம்பியெல்லாம் ஒரே நிறம். கிளிப் கழன்றுவிடாது. பல்பு பியூஸ் போகாது. அதோடு, நிஜ மேசையில் எத்தனை லட்சம் செலவழித்தாலும் பார்க்க முடியாத ஒன்றையும் காட்டியது: ஓட்டம். தொடரிணைப்பில் இரண்டு பல்புகளைப் போட்டால், முதல் பல்புக்கு முன்னும் இரண்டுக்கும் நடுவிலும் கடைசியிலும் நீல உருண்டைகள் ஒரே வேகத்தில், ஒரே இடைவெளியில் போகின்றன. எதையும் எந்தப் பல்பும் சாப்பிடவில்லை. வாத்தியார் சொன்னதால் நம்ப வேண்டியதில்லை; எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

எண்ணிலும் பார்க்கலாம். 9 வோல்ட் பேட்டரி, 10 ஓம் பல்பு என்று வைத்துக்கொள்வோம். தனிப் பல்பில் 0.9 ஆம்பியர். இரண்டைத் தொடராக வைத்தால் சுற்றில் எங்கே அளந்தாலும் 0.45. பக்க இணைப்பில் ஒவ்வொரு பல்பிலும் மறுபடி 0.9, பேட்டரியிலிருந்து கிளம்பும் கம்பியில் 1.8. பேட்டரி 'ஒரே அளவு தரும்' என்ற எண்ணத்துக்கு அந்த 1.8தான் மருந்து. இரண்டாவது பல்பை மாட்டும் நொடியில் பேட்டரிக்கு அருகில் இருக்கும் கம்பியில் உருண்டைகளின் வேகம் சட்டென்று இரட்டிப்பாவதைப் பார்க்க வேண்டும். அதைப் பார்த்த முகத்தில் ஒரு மாற்றம் தெரியும்.

ஆக, முந்தியது கணினி அல்ல, மாதிரி. கணினி அந்த மாதிரியைக் கையால் தொட்டு ஆட்டவைக்கும் வழி, அவ்வளவுதான். இந்த வேறுபாட்டை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 'மெய்நிகர் ஆய்வுக்கூடம்' என்ற பெயரில் வரும் பல மென்பொருள்கள் ஆய்வுக்கூட மேசையை அப்படியே வரைந்து வைக்கின்றன: வோல்ட் மீட்டரின் பளபளப்பு, மரத்தின் ரேகை, ரியோஸ்டாட்டின் சுருள் எல்லாம் தத்ரூபம். பொத்தானை அழுத்தினால் அளவீடு வரும், அட்டவணையில் எழுதலாம். கருவியை வரைந்தார்கள், மாதிரியை வரையவில்லை. நிஜ மேசையில் தெரியாதது அங்கேயும் தெரியாது. அந்த வகையை இந்த ஆய்வின் பெயரைச் சொல்லி விற்பது நியாயம் இல்லை.

செய்தவர்களே கற்றுக்கொண்டது

ஃபெட் குழுவின் வழக்கம் ஒன்று உண்டு. ஒரு சிமுலேஷனை வெளியிடுவதற்கு முன் சில மாணவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அதைப் பயன்படுத்தச் சொல்வார்கள். இப்படிக் கேட்டபோது ரேடியோ அலை சிமுலேஷனில் ஒரு வேடிக்கை நடந்தது. முதலில் அதைத் திறந்ததும் மின்புலக் கோடுகள் திரை முழுக்க நிரம்பியிருக்கும்படி செய்திருந்தார்கள். பேராசிரியர்களுக்கு அது ரொம்பப் பிடித்தது. மாணவர்கள் மிரண்டு போனார்கள், எங்கே கை வைப்பது என்றே தெரியவில்லை. பிறகு, திறந்ததும் அமைதியாக ஓர் ஆன்டெனா, அதில் ஓர் எலக்ட்ரான், அதைப் பிடித்து மாணவரே ஆட்ட வேண்டும் என்று மாற்றினார்கள். அசைத்தால் அலை கிளம்பும். தான் செய்ததால் நடந்தது என்று தெரிந்ததும் கேள்வி பிறக்க ஆரம்பித்தது.

இன்னொன்று நமக்கு நேரடியாக உறைக்கக் கூடியது. வெண்டி ஆடம்ஸும் மற்றவர்களும் 2008இல் எழுதியது: படிப்படியாக 'இதை அழுத்து, இதை இவ்வளவு வை, இதை எழுது' என்று தாள் கொடுத்தால் மாணவர்கள் தாள் சொன்னதை மட்டும் செய்கிறார்கள், சிமுலேஷனைத் துழாவுவதில்லை. ஒரே ஒரு நல்ல கேள்வியைக் கொடுத்து விட்டுவிட்டால்தான் அதிகம் தேடுகிறார்கள். தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' என்ற கட்டம் வருகிறது, கியூஆர் கோடு இருக்கிறது, பலவற்றில் ஃபெட் சிமுலேஷனுக்கே வழி காட்டப்படுகிறது. நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் கட்டங்களில் பெரும்பாலும் இருப்பது 'படி 1, படி 2, படி 3'. சமையல் குறிப்பு மாதிரி. படிகளைச் செய்து முடித்த பிள்ளை சமைத்துவிட்டது, சாப்பிடவில்லை. நான் அந்தக் கட்டத்தைக் கையால் மூடிவிட்டு ஐந்து பல்புக் கேள்வியை எழுதிப்போடுவது வழக்கம்.

தொழில்நுட்பச் சங்கடம் ஒன்றையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். தொடக்க காலச் சிமுலேஷன்கள் ஜாவாவிலும் ஃபிளாஷிலும் எழுதப்பட்டவை. 2020 கடைசியோடு ஃபிளாஷ் முடிந்துபோனது. எச்டிஎம்எல்5க்கு மாற்றப்பட்டவை இன்று கைபேசியிலேயே ஓடுகின்றன, தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். தமிழிலும் பல கிடைக்கின்றன.

நிஜ மேசை பழிவாங்கிய நாள்

சரி, திரை முந்தியது. நிஜக் கருவியைத் தூக்கிப் பரணில் போட்டுவிடலாமா? இங்கே என் வகுப்பில் நடந்ததைச் சொன்னால் விஷயம் தெளிவாகும்.

அந்த ஆண்டு முதலில் நிஜக் கருவி, பிறகு திரை என்று வைத்திருந்தேன். டார்ச் பல்புகள், 1.5 வோல்ட் செல்கள். செல்கள் புதியவை அல்ல. ஒரு பல்பை மாட்டினார்கள், நன்றாக எரிந்தது. பக்க இணைப்பில் இரண்டாவதை மாட்டினார்கள். இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மங்கின.

"பாத்தீங்களா சார், பேட்டரி பங்கு போட்டுக் குடுக்குது!" என்றான் பின்வரிசையிலிருந்து ஒருவன். வகுப்பே தலையாட்டியது.

அவன் பார்த்தது பொய் இல்லை. பழைய செல்லுக்கு உள்மின்தடை கூடியிருக்கும். 1 ஓம் என்று வைத்துக்கொள்வோம், பல்பு 5 ஓம். தனிப் பல்பில் 0.25 ஆம்பியர், அதன் முனைகளுக்கு நடுவே 1.25 வோல்ட். இரண்டாவதைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்த ஓட்டம் 0.43 ஆம்பியராகக் கூடுகிறது, செல்லுக்குள்ளேயே அதிக வோல்ட் விழுந்து, பல்புக்கு 1.07தான் மிஞ்சுகிறது. திறன் கணக்கில் ஒவ்வொரு பல்பும் கால் பங்குக்கும் மேல் இழக்கிறது. கண் அதைப் பிடித்துவிடும். நிஜ மேசை, மெக்டெர்மாட் கண்டுபிடித்த அந்த இரண்டாவது தவறான எண்ணத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டது! நானே ஆதாரம் ஏற்பாடு செய்து கொடுத்த மாதிரி ஆயிற்று.

தொடரிணைப்பிலும் இப்படி ஒரு வம்பு உண்டு. பல்பின் டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை எரியும்போது இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். இரண்டைத் தொடராக வைத்தால் ஒவ்வொன்றும் குறைந்த சூட்டில் எரிகிறது, தடை குறைகிறது, ஆகவே மின்னோட்டம் பாதியாகாமல் பாதிக்கு மேலேயே நிற்கும். அம்மீட்டரைப் பார்த்துவிட்டு 'ஓம் விதி தப்பா சார்?' என்று கேட்கும் பிள்ளைக்கு உடனே சொல்ல ஒரு பதில் கையில் இருக்க வேண்டும்.

மறு ஆண்டு வரிசையை மாற்றினேன். முதலில் திரை, பேட்டரியில் உள்மின்தடை பூஜ்யம். ஐந்து பல்புக் கேள்விக்கு ஊகத்தை எழுதிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அது பிடிபட்ட பிறகு நிஜ செல், நிஜ பல்பு. மங்கியது. இந்த முறை "பங்கு போடுது" என்ற குரல் வரவில்லை. "சார், இது அதுல வரலையே, செல்லுல ஏதோ கோளாறு" என்றார்கள். கோளாறு எங்கே என்று கேட்டேன். அதே சிமுலேஷனில் பேட்டரியின் உள்மின்தடையைக் கூட்டுவதற்கு ஒரு நகர்த்தி இருக்கிறது. அதைக் காட்டிக் கொடுத்தேன். மெல்ல நகர்த்தி, திரைப் பல்பையும் மேசைப் பல்பு அளவுக்கு மங்க வைத்தார்கள். மாதிரியில் விடுபட்டிருந்ததை நிஜம் காட்டிக்கொடுத்தது, அதை மாதிரிக்குள் சேர்த்ததும் இரண்டும் ஒத்துப்போயின. இயற்பியல்காரர்கள் தொழிலாகச் செய்வதும் இதைத்தான். என் வகுப்பில் அது தற்செயலாக நடந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். முதல் ஆண்டு சொதப்பாமல் இருந்திருந்தால் எனக்குத் தோன்றியிருக்காது.

எனக்கு அப்போது தெரியாது, இதை முறையாக ஆராய்ந்தவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். சைப்ரஸில் சகாரியாஸ் சகாரியா 2007இல் வெளியிட்ட ஆய்வில், மின்சுற்றை நிஜத்தில் மட்டும் செய்தவர்களைவிட நிஜத்தையும் திரையையும் சேர்த்துச் செய்தவர்கள் கருத்தளவில் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பின்லாந்தில் யாக்கோலாவும் நுர்மியும் 2008இல் 66 சிறு பிள்ளைகளை வைத்துச் செய்தார்கள், வயது 10, 11. திரை மட்டும், நிஜம் மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று குழு. சேர்த்துச் செய்த குழுதான் முன்னால் வந்தது. போல்டர் முடிவை இவை பொய்யாக்கவில்லை. அங்கே கேட்கப்பட்டது திரையா மேசையா என்ற கேள்வி. இரண்டும் கிடைக்கும்போது எதை எப்போது என்பது வேறு கேள்வி.

மாதிரி சொல்லும் பொய்

எந்த மாதிரியும் எதையாவது மறைத்துத்தான் எதையாவது காட்டும். இந்தச் சிமுலேஷன் சொல்லும் பெரிய பொய் வேகம். திரையில் உருண்டைகள் சில நொடிகளில் சுற்றை வலம் வந்துவிடுகின்றன. நிஜத்தில்? 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள தாமிரக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரானின் இழுப்பு வேகம் நொடிக்கு 0.07 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 4 மணி நேரம். பன்னிரண்டாம் வகுப்பில் இந்தச் சூத்திரம் இருக்கிறது. பிள்ளைகள் விடையைக் கண்டுபிடித்து இரண்டு கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள்.

எலக்ட்ரான்களின் எண்ணிக்கையும் பொய்தான். ஒரு கம்பியில் பத்துப் பதினைந்து உருண்டைகள் தெரிகின்றன. தாமிரத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்குள் கட்டற்ற எலக்ட்ரான்கள் எட்டரை லட்சம் கோடிக் கோடி அளவில் இருக்கும். ஒவ்வொன்றும் உருண்டையாக, நீலமாக இருப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்தப் பொய்களை மறைத்து வைப்பவர்கள் உண்டு, பிள்ளை குழம்பிவிடும் என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுற்று பிடிபட்ட மறுநாளே இதைக் கணக்காகக் கொடுக்கிறேன். டார்ச் பல்புக்கு 0.25 ஆம்பியர், செல்லுக்கும் பல்புக்கும் நடுவே 30 செ.மீ. கம்பி, அதே பருமன். எத்தனை நேரம்?

போன முறை ஒரு மாணவி முதலில் முடித்தாள். நாலரை மணி நேரம். மூன்று தடவை சரிபார்த்துவிட்டு நோட்டோடு என் மேசைக்கு வந்தாள்.

"சார், தப்பா வருது. சுவிட்ச் போட்ட உடனே எரியுதே?"

கணக்கு சரிதான் என்றேன். சைக்கிளில் பெடலை மிதித்ததும் பின்சக்கரம் சுற்றுகிறதே, பெடலுக்குப் பக்கத்தில் இருந்த செயின் கண்ணி பின்னால் போய்ச் சேரும் வரைக்குமா காத்திருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். செயின் முழுக்க ஒரே நேரத்தில் நகரும் என்றாள். அப்புறம், கம்பியில் எலக்ட்ரானைத் தள்ளும் மின்புலம் சுற்று முழுக்க ஒளியின் வேகத்துக்கு நெருக்கமான வேகத்தில் பரவிவிடுகிறது, எலக்ட்ரான்கள் இருக்கும் இடத்திலிருந்தே கிளம்புகின்றன என்று சொன்னேன். சைக்கிள் செயினுக்கு ஒரே பாதைதான், பக்க இணைப்பை அதை வைத்து விளக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. வேறெதையோ பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ, இந்தப் பல்புல இப்ப ஓடுற எலக்ட்ரான் செல்லுலேர்ந்து வந்ததே இல்லையா சார்?"

நான் பதில் சொல்லவில்லை. திரையைக் கையால் காட்டினேன். அவள் போய், இருந்த சுற்றை அழித்துவிட்டு, ஓரத்திலிருந்து ஒரே ஒரு கம்பியை நடுவில் இழுத்துப் போட்டாள். பேட்டரி இல்லை, பல்பு இல்லை. கம்பிக்குள் நீல உருண்டைகள் வரிசையாக இருந்தன, அசையாமல்.